விடலாம்

மட்டையைத் தலைக்கு மேல் தூக்கியபடி எக்ஸ்ரேக்காரர் நின்றுகொண்டிருந்தார். முதுகு இடுப்பிலிருந்து அளவாகச் சாய்ந்திருந்தது. இடது கை முழங்கையில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் நீண்டிருந்தது. அந்தக் கைக்கும் மட்டைக்கும் நடுவே தச்சர் வந்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிசகு சொல்ல முடியாத செங்கோணம். மணிக்கட்டு உள்ளே மடங்காமல், வெளியே குழியாமல், இஸ்திரி போட்ட காலர் மாதிரி தட்டையாக இருந்தது. கோல்ஃப் பயிற்சித் திடலின் கம்பிவலைமேல் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று, இது ஆளா கம்பமா என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, கம்பம்தான் என்று முடிவுகட்டி, அவர் தோளைக் குறிவைத்துக் கிளம்பியே விட்டது. முகம் மட்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"மூச்சு விடுங்க சார்," என்றான் பயிற்சியாளன்.

விட்டார். பஞ்சரான டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூச்சோடு சேர்ந்து செங்கோணமும் போயிற்று, முதுகுச் சாய்வும் போயிற்று, காக்கையும் போயிற்று. மட்டை இறங்கியது. நன்றாகத்தான் இறங்கியது. பந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல எல்லாம் நின்றுவிட்டன. இடுப்பு நின்றது, தோள் நின்றது, மணிக்கட்டு கல்லாயிற்று. மட்டைக்கு மட்டும் நிற்க மனமில்லை. பச்சைப் பாயில் தொப்பென்று விழுந்தது. பந்து இரண்டு உருளல் உருண்டு, செருப்பைத் தேடும் விருந்தாளி மாதிரி, அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கியது.

அடுத்த பாயில் ஆடிக்கொண்டிருந்த பல் டாக்டர் இந்தக் காட்சிக்காகவே தன் ஆட்டத்தை நிறுத்திவைத்திருந்தார். "போட்டோவுல பாத்தா சாம்பியன், வீடியோவுல பாத்தா ஆக்சிடென்ட்," என்று சொல்லிவிட்டு, தன் பந்தைப் பேச்சுவாக்கில் அடித்தார். அது போய் எங்கோ அடுத்த ஜில்லாவில் விழுந்தது. எக்ஸ்ரேக்காரருக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதர் நிற்கிற நிற்பு என்ன நிற்பு? முழங்கால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று மேற்கே பார்க்கிறது. மணிக்கட்டு துவைத்த துணியைப் பிழிவது போல முறுக்கிக்கிடக்கிறது. படம் எடுத்து மாட்டினால் எந்த வைத்தியரும் உடனே அட்மிட் பண்ணச் சொல்வார். அவருக்குப் பந்து பறக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே இருட்டறையில், ஊரிலுள்ள எலும்பையெல்லாம் படம் எடுத்து முடித்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். கடைத்தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவருக்கு மறந்துபோகும். விலா எலும்பு ஞாபகம் இருக்கும். அவர் முன்னால் ஒருமுறையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்காதவர் அந்த ஊரில் யாருமே இல்லை என்று அவரே சொல்வார். நெஞ்சுக்கூட்டைப் படம் எடுக்கத்தான் மூச்சைப் பிடிக்க வேண்டும். அவரோ கால் சுண்டுவிரலுக்கும் பிடிக்கச் சொல்வார். மூச்சைப் பிடித்தவன் ஆடமாட்டான் என்பது அவர் கண்டுபிடித்த சித்தாந்தம். "மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க தம்பி, ஆடாதீங்க." பொத்தானை அழுத்துவார். ஒரு கணம் உலகமே கல். பிறகு, வரம் கொடுக்கிற சாமியின் பெருந்தன்மையோடு, "விடலாம்."

ஆகவே மணிக்கட்டைப் பற்றி அவருக்கு ஒருவன் பாடம் எடுப்பது என்பதே ஒரு கொடுமை. எந்தக் கோணத்தில் திருப்பினால் எந்த எலும்பு எதன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கோல்ஃப் ஸ்விங்கையும் அவர் அப்படித்தான் படித்தார். ஒரு படப் புத்தகம் வாங்கி, நிற்கிற நிலை, தூக்குகிற நிலை, உச்ச நிலை, இறங்குகிற நிலை, முடிக்கிற நிலை என்று படம் படமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படுக்கையறை பீரோக் கண்ணாடி முன்னால் நின்று உருப்போட்டார். எந்தப் படத்தைக் கேட்டாலும் நின்று காட்டுவார். இரண்டு படத்துக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் புத்தகத்திலும் இல்லை, அவருக்கும் தெரியவில்லை. உச்ச நிலையிலிருந்து அந்தச் செங்கோணத்தைக் கலைக்காமல் இடுப்பு உயரம்வரை கொண்டுவந்து, பந்துகிட்ட வரும்போது மணிக்கட்டை விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியாளன் நூறு தடவை சொல்லிவிட்டான். "விடணும் சார். நீங்களா விடணும்." எதை விடுவது? எப்படி விடுவது? பிடிக்கச் சொன்னால் பிடிக்கலாம்.

கோல்ஃப் மேல் அவருக்கு ஆசை என்று நினைத்தால் தப்பு. அவர் ஆசையெல்லாம் ஒரு சொல்லின்மேல். அந்தப் பயிற்சியாளன் அவருடைய மகளைக் கட்டியவன். காதல் கல்யாணம். முதன்முதலாக வீட்டுக்கு வந்து சோபா நுனியில் கால் பங்கு உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தவனிடம், "பந்தடிக்கிறதெல்லாம் சரி தம்பி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார் என்று இன்றுவரை சாதிப்பார். "அதைத்தான் சார் சொல்லித் தர்றேன்," என்றான் அவன். அன்றைக்கு அவன் வாயில் ஏறிய சார், கல்யாணம் முடிந்தும் இறங்கவில்லை. மாமியாரை முதல் வாரமே 'அத்தை' என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படிவரை போய்விட்டான். மச்சினன், சித்தி, பெரியப்பா என்று எல்லாருக்கும் முறை வைத்தாயிற்று. இவர் மட்டும் சார்.

வீட்டில் நாலு பேர் நடுவில் சார் என்று கூப்பிட அவனுக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மொட்டையாகப் பேசப் பழகிக்கொண்டான். "பேப்பர் படிச்சாச்சா?" "வெளிய கிளம்பியாச்சா?" "ஃபேன் போதுமா?" யாரைக் கேட்கிறான் என்று ஃபேனுக்குக்கூடத் தெரியாது. கூப்பிடுகிற சொல் ஒன்றுமே இல்லாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓட்டிவிடுகிற திறமை அவனுக்குக் கைகூடிவிட்டது. மொட்டைப் பேச்சுக்கு ஒரு போட்டி வைத்தால் கோப்பையோடு திரும்பி வந்து, "வாங்கியாச்சு," என்பான்.

மாமா. இரண்டே எழுத்து. காய்கறி விற்கிறவன் கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டு வாண்டு, பந்து விழுந்தால் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்று கூப்பிடுகிறது. சம்பந்தமே இல்லாதவனெல்லாம் வாய் நிறைய வழங்குகிற அந்தச் சொல், வழங்க வேண்டியவன் வாயில் மட்டும் கிடையாது. அவன் தொழிலை நாமும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் திடலில் சேர்ந்தார். போய்ப் பார்த்தால் அங்கே எல்லாருமே சார். பல் டாக்டரும் சார், வாசலில் வண்டிகளுக்கு வழிகாட்டுகிறவரும் சார். இப்போது அவருடைய சாருக்கு முத்திரை வேறு குத்தியாயிற்று.

இதற்கு நடுவில்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஆட்டம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. திடலில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஜோடியாக ஆட வேண்டும். ஜோடியை மைக்கில் உறவு சொல்லிக் கூப்பிடுவார்களாம். பயிற்சியாளனுக்குப் பெற்றவர்கள் இல்லை. மகளோ பந்தைக் கண்டாலே தலையைக் குனிகிற ஜாதி. எக்ஸ்ரேக்காரர் மகளிடம் காதைக் கடித்தார். மகள் அவனிடம் கேட்டாள். பதில் வந்தது: "சார் முதல்ல ஒரு பந்தையாவது காத்துல ஏத்தட்டும்." அதற்குள்ளும் ஒரு சார்.

அன்றிலிருந்து படுக்கையறையில் ஸ்விங் உற்பத்தி இரட்டிப்பாயிற்று. டியூப்லைட் ஒன்று போயிற்று. மாட்டிய மறுநாள் அதன் தம்பியும் போயிற்று. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே மனைவி, அவர் இன்னும் உச்ச நிலையில் நிற்பதைப் பார்த்தாள்.

"சார்னு கூப்பிடுறாரு, சார்னு கூப்பிடுறாருன்னு பாட்டாப் பாடுறீங்களே. நீங்க அவரை என்னன்னு கூப்பிடுறீங்க?"

"தம்பின்னுதான். மரியாதையாத்தான் கூப்பிடுறேன்."

"கை ஒடிஞ்சு வந்தவனை ஆஸ்பத்திரியில என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பீரோக் கண்ணாடியில் ஒரு மனிதர் மட்டையைத் தூக்கியபடி, மணிக்கட்டு பிசகாமல், வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். "எங்க மாப்பிள்ளை" என்று வங்கியில், கடையில், பல் டாக்டரிடம்கூட. அவன் முகத்துக்கு நேரே சொன்னதாக ஞாபகம் இல்லை. அதற்காக இவரா முதலில் இறங்குவது? சின்னவன்தானே இறங்க வேண்டும்? கண்ணாடியில் இருந்தவரும் அதையேதான் கேட்டார்.

அடுத்த நாள் திடலில் பயிற்சியாளன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். பேசிப் பயனில்லை, உடம்புக்கு உடம்புதான் சொல்லித் தர வேண்டும் என்று முடிவுசெய்து, அவருக்குப் பின்னால் வந்து ஒட்டி நின்று, இரண்டு கையையும் அவர் கைகளின்மேல் போட்டு மட்டையைப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்கு ஒரே உடம்பில் நாலு கை. அவன் மோவாய் அவர் காதுகிட்ட இருந்தது. கல்யாணத்தில்கூட இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. அந்த நெருக்கத்தில் எக்ஸ்ரேக்காரருக்கு என்னவோ செய்தது. மாப்பிள்ளை என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. நாலு கை இருக்கிற நிலையில் சொல்வது ஒரு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மெதுவாக இரண்டு தடவை தூக்கி இறக்கினார்கள். வண்டி நன்றாக ஓடியது. "இப்ப நிஜ வேகத்துல. நீங்க ஒண்ணும் செய்யவேணாம் சார், என் கைகூட வந்தாப் போதும்," என்றான். மட்டை ஏறியது. செங்கோணம். மட்டை இறங்கியது. காற்று கிழிகிற சத்தத்தை எக்ஸ்ரேக்காரர் தன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டார். பந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது அவர் உடம்பு, கேட்காமல் கொள்ளாமல், பிரேக் போட்டது. அவர் நின்றார். பயிற்சியாளன் நிற்கவில்லை. மட்டை பாயைக் குத்திக்கொண்டு நிற்க, அவனுடைய இடது மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் போய்விட்டு வந்தது.

"ஒண்ணுமில்ல சார்," என்றான். கையை உதறினான். பந்துக் கூடையை மட்டும் வலது கையால் தூக்கிக்கொண்டு போனான். அவன் இடதுகைக்காரன்.

ஒன்றுமில்லாத அந்தக் கை மறுநாள் காலை பன் மாதிரி உப்பியிருந்தது. அவன் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். படத்தைப் பார்த்த டாக்டர், ஒன்றும் தெளிவாக இல்லை, இன்னொரு தடவை எடு என்றாராம். இவன் சரியாகிவிடும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டானாம். மகள் சும்மா இருப்பாளா? புருஷனையும் படம் இருந்த உறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். உறையை அப்பா கையில் கொடுத்தாள். அவன் ஜன்னலோரம் நின்று, "கரெண்ட் வந்தாச்சா?" என்று பொதுவாக விசாரித்தான். கரெண்ட் போகவே இல்லை.

எக்ஸ்ரேக்காரர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓய்வுபெற்ற பிறகு அவர் கையில் வந்த முதல் படம். பார்த்ததும் ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு எலும்பின் ஓரத்திலும் ஒரு நிழல் எலும்பு. மழையில் நனைந்த விலாசம் மாதிரி எல்லாம் கலங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரி இருட்டறையில் இப்போது படம் எடுக்கிறவர் அவரிடம் சில மாதம் வேலை பழகியவர்.

"ஆடியிருக்கு. மூச்சைப் பிடிக்கச் சொல்லலையா அவன்?"

"அவரு சொன்னாரு சார். நான்தான் ஆடிட்டேன். சிரிப்பு வந்துருச்சு."

"எலும்பு உடைஞ்சிருக்கான்னு பாக்கப் போன எடத்துல என்ன தம்பி சிரிப்பு?"

பயிற்சியாளன் தயங்கினான். மகளைப் பார்த்தான். பிறகு ஜன்னலிடம் சொல்வது போலச் சொன்னான்.

"கையைப் பலகைமேல வெச்சு, மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்கன்னாரு. நானும் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். திடீர்னு தோணுச்சு, அட, இது நம்ம சார் பந்துகிட்ட வந்து நிக்கிற மாதிரியே இருக்கேன்னு. நீங்க அங்க வந்ததும் படம் எடுக்குறீங்க சார். யாராவது விடலாம்னு சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிறீங்க. நான் இத்தனை நாளா கோணத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்திருக்கேன்."

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே பாத்திரச் சத்தமாக மாற்றப்பட்டது. எக்ஸ்ரேக்காரர் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஆடாதே ஆடாதே என்று சொன்னதை வேறு யார் கேட்டார்களோ இல்லையோ, அவர் உடம்பு உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. கேட்டு, இந்த வயதில், பந்துக்கு ஒரு சாண் முன்னால் மானத்தை வாங்குகிறது. சரி, காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? சொல்லித் தர வேண்டியவன் கை பன்னாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போச்சு, மைக் போச்சு, உறவு போச்சு. பூட்டுக்குச் சாவி கிடைத்த அன்றைக்குக் கதவே விழுந்துவிட்டது போல இருந்தது அவருக்கு. யார் மேலாவது எரிந்து விழலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். குற்றவாளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் அவரே இருந்தார்.

அவன் கையைக் கேட்காமலே எடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. அங்கே லேசாக அழுத்தினார். பயிற்சியாளனின் கால் கட்டைவிரல் தரையிலிருந்து எழும்பிற்று. அந்தக் குழிக்குள் முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. விரிசல் விட்டால் சுலபத்தில் படத்தில் காட்டிக்கொடுக்காது. கவனிக்காமல் விட்டால் சுலபத்தில் ஒட்டவும் ஒட்டாது. பந்தடித்துப் பிழைக்கிறவனுக்கு அந்த முந்திரிப்பருப்புதான் சோறு.

"கிளம்புங்க. இப்பவே எடுக்கணும்."

"திங்கக்கிழமை பாத்துக்கலாம் சார். கட்டு போட்டுட்டாங்கன்னா அப்புறம் எதுவும் முடியாது. ஞாயித்துக்கிழமைக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

எக்ஸ்ரேக்காரர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பந்துகூடக் காற்றில் ஏறவில்லை. ஏறாமலே கொடுத்திருக்கிறான். எப்போது கொடுத்தான்? அதைவிட, என்ன உறவு என்று சொல்லிக் கொடுத்தான்? கேள்வி தொண்டைவரை வந்து, பந்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்பது போல நின்றுகொண்டது. கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். "கார் சாவி எங்க?" என்று மனைவியிடம் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய அறை அப்படியே இருந்தது. அதே சாம்பல் நிறப் பலகை, அதே குளிர், கதவுக்கு மேலே அதே சிவப்பு பல்பு. அவரைப் பார்த்ததும் படம் எடுக்கிறவர் எழுந்து நின்று, காலையில் நடந்ததற்குத் தான் காரணமில்லை என்று ஆரம்பித்தார். எக்ஸ்ரேக்காரர் கையமர்த்தினார். ஒரே ஒரு நிமிஷம், கையை மட்டும் நானே வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். வந்தவர்களை நிற்கவைத்துப் பழகிய அந்த அறையில் அவர் எதையாவது கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

பயிற்சியாளன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவர் அவன் பின்னால் போய் நின்றார். தோளைத் தொட்டு, கொஞ்சம் இறக்கினார். முழங்கையைப் பலகையோடு சமமாக வைத்தார். உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து, விரல்களை மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக, வலிக்கிற எல்லைவரை மட்டும், மெல்லத் திருப்பினார். அந்த முந்திரிப்பருப்பு மற்ற எலும்புகளின் கூட்டத்திலிருந்து தனியாக வெளியே வந்து நிற்கிற கோணம் அது ஒன்றுதான். இத்தனை வாரமாக இந்தக் கைதான் அவர் கையைப் பிடித்து, இப்படி சார், அப்படி சார் என்று திருப்பிக்கொண்டிருந்தது. கனமாகவும் சூடாகவும் இருந்தது. உள்ளங்கையில் மட்டை பிடித்த காய்ப்பு, அவர் கையில் இன்னும் வராத காய்ப்பு, சொரசொரத்தது.

கடைசியாக, கதிர் முகத்தில் படாமல் இருக்க, அவன் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். யாராக இருந்தாலும் செய்கிற வேலை. கூடவே யாராக இருந்தாலும் சொல்கிற வாக்கியமும் தானாக வந்தது.

"முகம் அந்தப் பக்கமே இருக்கட்டும். ஆடாதீங்க, மாப்ளே."

தம்பி இருக்கவேண்டிய இடத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவன் ஆடவில்லை. ஆடக்கூடாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்க்கலாம் என்றால் அதுவும் சுவர்ப் பக்கம் இருந்தது. கழுத்தும் ஒரு காதும்தான் தெரிந்தன. காது சிவந்திருந்தது போலவும் இருந்தது. அந்த அறை வெளிச்சத்தில் எல்லார் காதும் அப்படித்தான் இருக்கும்.

அவர் வெளியே வந்தார். படம் எடுக்கிறவர் கதவைச் சாத்த வந்தார். ஈயத்தகடு வைத்த கதவு, யானை மாதிரி அசைந்துதான் மூடும். அது பாதி மூடும்போது, படம் எடுக்கிறவர் உள்ளே திரும்பி, சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

"எங்க சார் உங்களுக்கு என்ன வேணும்?"

எக்ஸ்ரேக்காரர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். மாமா என்றால் உதடு இரண்டு தடவை ஒட்டும். சார் என்றால் ஒட்டவே ஒட்டாது. அந்த ஓர் அங்குல இடைவெளியில் உதட்டை மட்டும் பார்த்தால் போதும். உதடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிவைத்தவர் அவரேதான். கழுத்து லேசாக அசைந்தது. அவன் என்னவோ சொன்னான். கதவு மூடிக்கொண்டது. எதுவும் ஊடுருவ முடியாத கதவு என்று அவர் எத்தனையோ பேருக்குப் பெருமையாகத் தட்டிக் காட்டியிருக்கிறார்.

தலைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தது. நடையில் பெஞ்சில் காத்திருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். இடுப்பிலிருந்து அளவாகச் சாய்ந்து, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து முன்னால் நீட்டி, காதைக் கதவுக்குக் கொடுத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து விடலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.